நாற்பத்திரண்டாவது

வால்பரைசோவில் வேலைக்குப் போவதென்றால்
ஏறுவது என்று பொருள்.
குன்று ரயில் பழுது. நூற்றெண்பது படி,
தோளில் பை, பையில் ஆறு குறுந்தகடு,
ஜூலை மாதத்துக் குளிர்மழை.

ஒடிலியா கதவைத் திறந்தபடியே சொன்னாள்:
"ஒரு கடிதம் எழுத விடமாட்டேன் என்கிறது.
அக்காவுக்கு 'அன்புள்ள' என்று தொடங்குவதற்குள்
நாலு பேர் குறுக்கே வந்து நிற்கிறார்கள்."

வந்தார்கள்.
பத்து லட்சமாவது விருந்தாளி நீங்கள்தான் என்றான் ஒருவன்.
உங்கள் ஊரில் தனிமையில் வாடும் பெண்கள் என்றான் இன்னொருவன்.
உன் கம்ப்யூட்டருக்கு நோய், என்னை வாங்கு என்று
நோயே வந்து மருந்து விற்றது.
மூடுகிற பெருக்கல் குறியை அமுக்கினால்
அதுவும் ஒரு கதவு.

மோடத்தின் வயரைப் பிடுங்கினேன்.
கல்யாண வீட்டில் கரண்ட் போனது போல
சட்டென்று ஓர் அமைதி.

பிறகு வழக்கமான வேலை.
பிரவுசரின் நெற்றியில் ஏழு பட்டைகள்
ஒன்றன்மேல் ஒன்று அப்பிக் கிடந்தன. வழித்தெடுத்தேன்.
வானிலை சொல்கிறேன் என்று வந்தது ஒன்று,
பாஸ்வேர்டை நான் ஞாபகம் வைத்துக்கொள்கிறேன் என்று
கைகட்டி வந்தது ஒன்று.
ஒண்ட வந்த பிடாரிகள்.
அழித்துவிட்டு மறுபடி தொடங்கினால்
கோரைப்புல் மாதிரி, அதே இடத்தில், அதே பச்சை.

எஃப் எட்டைத் தட்டிப் பாதுகாப்பு முறையில் எழுப்பினேன்.
கறுத்த திரை, தடித்த எழுத்து,
மேக்கப் கலைந்த முகம்.
அங்கே அவை தூங்கும். தூக்கத்திலேயே கிழங்கோடு பிடுங்க வேண்டும்.

ஒடிலியா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.
"எத்தனை?"
"முப்பத்தேழு."
கொஞ்ச நேரம் கழித்து, "இப்போது?"
"நாற்பத்தொன்று."
சிரித்தோம்.

நாற்பத்திரண்டாவது எதையும் விற்கவில்லை.
பெயரில்லை, படமில்லை.
பிப்ரவரி பதினாறு, இரவு பதினொன்றரைக்குக் குடிவந்திருக்கிறது.
இந்தக் கீபோர்டில் விழும் ஒவ்வோர் எழுத்தையும்,
விழுந்து அழித்த எழுத்தையும்
பொறுக்கி வைத்து
மாலை ஆறு மணிக்கு ஒரு முகவரிக்கு அனுப்புகிறது.
முகவரியில் ஒரு கால்பந்து அணியின் பெயர், ஒரு பிறந்த வருடம்.
சுவரில் அதே அணியின் பச்சைக் கொடி.

வைரஸ் என்று சொல்லி நீக்கியிருக்கலாம்.
ஒரு சொடுக்கு. கூலி அதற்குத்தான்.
திரையை அவள் பக்கம் திருப்பினேன்.

படித்தாள்.
பூசணி சூப், ஆறு பேருக்கு.
ஃப்ரெசியா, உன் வீட்டுப் பின்னறை இன்னும் காலியா
(அழித்தது).
அந்தோஃபகாஸ்தாவுக்கு இரவு பஸ் எத்தனை மணிக்கு
(அழித்தது).
அழித்ததெல்லாம் அங்கே அழியாமல் இருந்தது.

கத்தியைக் கழுவி வைத்தாள்.
"எராஸ்மோவுக்குத் துறைமுகத்தில் ஷிஃப்ட்" என்றாள்
நான் கேட்காத கேள்விக்கு.

நீக்கிவிடட்டுமா என்றேன்.
அடுப்பைப் பார்த்தாள். கொடியைப் பார்த்தாள்.
"வேண்டாம்.
அது போனால், எனக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரிந்துவிடும்.
இருக்கட்டும். சோறு போட்டு வளர்க்கிறேன்."
பிறகு, கைதுடைக்கும் துணியை மடித்தபடி,
"கீழே பெத்ரோ மோந்த் தெருவில்
இன்டர்நெட் கடை மணிக்கு எவ்வளவு?"
"நானூறு பெசோ."
தலையாட்டினாள், மீன் விலை கேட்டவள் போல.

ரசீது எழுதினேன்:
கண்டது நாற்பத்திரண்டு. நீக்கியது நாற்பத்தொன்று.
எட்டிப் பார்த்தாள். "அவன் ரசீதெல்லாம் படிப்பான்."
கிழித்து வேறு எழுதினேன்.
இரண்டு இடத்திலும் ஒரே எண்.
கிழித்த தாளை என் பையில் போட்டுக்கொண்டேன்,
அவள் வீட்டுக் குப்பையில் அல்ல.

வயரைச் செருகினேன். யாரும் வரவில்லை.
வெறும் திரை, அதில் ஒரு ஏரியின் படம்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.
நான் நனைந்த ஷூவைக் கட்டுகிறேன், அவள் ஒற்றை விரலால்
தட்டுகிறாள், தட்டுவதை வாய்விட்டுச் சொல்லியபடி:

அன்புள்ள அக்கா, கம்ப்யூட்டர் சரியாகிவிட்டது.
இப்போதெல்லாம் யாரும் குறுக்கே வருவதில்லை.
ஞாயிற்றுக்கிழமை எராஸ்மோவுக்குப் பிடித்த
மீன் சூப் வைக்கிறேன்.

ஓர் எழுத்து தப்பாக விழுந்தது.
அழிக்கவில்லை.