முள் தேடும் விரல்

கெயோனில் மழை விட்டால்தான் செய்தி.
ஆலைக்குள் நாலு டிகிரி.
சால்மன் துண்டங்கள் பட்டையில் வரும்,
நிமிடத்துக்குப் பதினாறு.
முள் பிடுங்க ஜெர்மன் இயந்திரம் இருக்கிறது.
அது விட்டதைப் பிடுங்க
எர்சிலியா இருக்கிறாள், எனக்கு எதிரே.

ஆள்காட்டி விரலால் சதையைத் தடவுவாள்,
வாலிலிருந்து, எதிர்வாட்டாக.
தட்டுப்பட்டால் இடுக்கி.
பார்க்கமாட்டாள்.
பார்த்தால் பதினாறு வராது.

ஒசாகாவில் யாரோ
தொண்டையில் எதுவும் சிக்காமல் விழுங்குகிறார்.
அந்த ஒன்றுமில்லாமைதான்
பதினோரு வருடமாய் அவள் அனுப்பும் சரக்கு.

ஆண்டறிக்கையில் கடல்வளம் ஒரு பக்கம்,
மனிதவளம் அரைப் பக்கம்.
வளம் என்றால்
எடுக்க எடுக்க ஊறும் என்று நினைப்பவர்கள்
எழுதியது.

போன மாதம் அயலெனுக்குக் காய்ச்சல்.
மகள் நெற்றியில் விரலை வைத்தாள்.
சுடுகிறதா, இல்லையா,
விரல் சொல்லவில்லை.
குனிந்து உதட்டை வைத்துத்
தெரிந்துகொண்டாளாம்.
காப்பீட்டு மருத்துவர் விரலை மடக்கச் சொன்னார்,
நீட்டச் சொன்னார்.
மடங்கியது, நீண்டது.
வேலைக்குத் தகுதி என்று எழுதினார்.

பிறகு ஒசாகாவிலிருந்து புகார் வந்தது.
ஒரு முள். ஒன்றரை சென்டிமீட்டர்.
படத்தைப் பெரிதாக்கி
கையுறைப் பெட்டிக்கு மேலே ஒட்டினார்கள்.
ஷிப்ட் மாறும்போது
எல்லாரும் நின்று பார்த்தோம்.
முதல் தடவையாக
அவள் வேலை கண்ணுக்குத் தெரிந்தது.

எர்சிலியா கிட்டப் போனாள்.
முகக்கவசத்தை இறக்கிவிட்டு
படத்தை விரலால் தடவினாள்,
வாலிலிருந்து, எதிர்வாட்டாக.

காகிதம் வழுவழுவென்று இருந்தது.