பௌமன்வில் தாண்டியாச்சு

"பௌமன்வில் தாண்டியாச்சு,
ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவம் எண்டு நினைச்சம்."
மொன்றியலிலிருந்து வரும் உன் ஒன்றுவிட்ட அண்ணன்
போனை வைத்தபோது
சனிக்கிழமை நாலு மணி பத்து.
வெளியே மைனஸ் பதினாலு.
உள்ளே நேற்றுப் பொரித்த கருவாடு
இன்னும் திரைச்சீலையில் குடியிருந்தது.

அங்கிருந்து ஏஜாக்ஸ் இருபத்தைந்து நிமிடம்.
அவர் ஓட்டினால் இருபது.

கார்த்திகையிலிருந்து
நீயும் நானும் அளந்துதான் பேசினோம்:
ஹைட்ரோ பில் கட்டியாச்சா,
ஆரூரனை நீச்சலுக்கு யார் ஏற்றுவது,
நாளைக்கு நீலப் பெட்டியா பச்சைப் பெட்டியா.
இப்போது ஒரே நேரத்தில் எழும்பினோம்,
மணி அடித்த தீயணைப்புக்காரர் மாதிரி.

சோபாவில் தோய்த்த உடுப்பு மலை.
மடிக்க நேரமில்லை.
"ட்ரையருக்குள்ளையே திருப்பிப் போடு" என்றேன்.
வந்த இடத்துக்கே போயிற்று மலை.
எண்ணெய்த் தாச்சி, அடிப்பிடித்த சட்டி,
இடியப்பத் தட்டுகள் பன்னிரண்டு
எல்லாம் அவனுக்குள்.
(தமிழில் எழுதினால் ஆள் போலத்தான் இருக்கிறது:
எதைப் போட்டாலும் வாயை மூடிக்கொண்டு
சும்மா நிற்கும்.)

மேசையில் வரிக் கடிதம், கூப்பன்,
பல் டொக்டரின் நினைவூட்டல், ஒற்றைக் காலுறை.
ஒரே அள்ளில் மஞ்சள் பைக்குள்,
பை குளியல் தொட்டிக்குள்,
திரையை இழுத்தாயிற்று.

ஆரூரன் தன் லெகோ நகரத்தைக் கலைக்கமாட்டேன் என்று
அதன் நடுவில் மேயரைப் போல உட்கார்ந்தான்.
நீ கம்பளத்தின் முனையைப் பிடித்து
நகரத்தையும் மேயரையும்
அப்படியே அறைக்குள் இழுத்துப் போனாய்.
அவன் கையசைத்தான்.

நான் ஜன்னல்களைத் திறந்தேன்.
குளிர் வந்து கருவாட்டின் கழுத்தைப் பிடித்தது.
ஃபர்னஸ் உறும
"காஸ் பில்" என்றாய்.
"மணம்" என்றேன்.
கறுவாப்பட்டை இரண்டைக் கொதிக்க வைத்தேன்.
வாசலில் உப்புக் காய்ந்த பூட்ஸ்களை
நீ சோடி சேர்த்து நிறுத்தினாய்.

ஒஷாவா, என்றது குறுஞ்செய்தி.

பிறகு இருவரும் அதை ஒரே கணத்தில் நினைத்தோம்.
நான் வாய் திறக்கவில்லை.
நீ பேஸ்மென்ட்டுக்கு இறங்கி
தலையணையையும் நீலப் போர்வையையும்
கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏறி வந்தாய்,
பாதிப் பள்ளியில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளை மாதிரி,
என் முகத்தைப் பார்க்காமல்.
கட்டிலின் இடப்பக்கம் வைத்தாய்.
போர்வையின் ஒரு முனை உன்னிடம்,
மற்றது என்னிடம்.
உதறினோம்.
சுருக்கம் போயிற்று,
போர்வையில்.

விற்பி.
மணி அடித்தது.

"வீட்டைச் சுத்திக் காட்டன்" என்றார் அண்ணன்.
காட்டினாய்.
இரண்டு தலையணையும்
படத்துக்கு நிற்பவர்கள் போல அருகருகே இருந்தன.
"நல்ல வடிவா வைச்சிருக்கிறியள்" என்றார் சிவமலர் அக்கா.
தான் கொண்டுவந்த ரோல்ஸைச் சூடாக்கவென்று
நான் எட்டிப் பிடிப்பதற்குள்
அவனைத் திறந்தார்.

சரிந்தன பன்னிரண்டு தட்டும்.
ஒன்று உருண்டு ஹோல் வரை போய்
அண்ணனின் காலடியில்
சுழன்று சுழன்று
சுழன்று
படுத்தது.

யாரும் பேசவில்லை.
"எங்கட வீட்டிலை இதெல்லாம் கார் டிக்கியிலை" என்றார் அக்கா.
"சத்தியமாச் சொல்லுறன், இப்பவும் அங்கதான் கிடக்கு."
பிறகு, "வாஷ்ரூம் எங்கை?"
நீ என்னைப் பார்த்தாய்.
மஞ்சள் பை.
சிரிப்பு வந்தது,
முதலில் உனக்கு.

தேத்தண்ணிக்கு வந்தவர்கள்
பத்தரைக்குத்தான் எழும்பினார்கள்.
"அப்ப நாங்கள் வாறம்."
கதவைச் சாத்தினோம்.
வீடு திரும்பவும் குப்பை.

நான் தட்டுகளைப் பொறுக்கினேன்.
நீ பேஸ்மென்ட் படியில் நின்றாய்,
ஒரு கை சுவிட்சில்.
"கீழ லைற் எரியுது.
நிப்பாட்டிப்போட்டு
வாறன்."

பைப்பைத் திறந்தேன்.
எண்ணிப் பார்த்தால் பதினொரு தட்டு.
மற்றது ஹோலில் எங்கோ
இன்னும் கவிழ்ந்து கிடக்கிறது.