தேரியில் சோதனை, ஏழாம் படம்

உவரிக்கு மேற்கே செம்மணல் தேரியில்
நுண்ணோக்கியை இறக்கினோம்.
செவ்வாய்க்கு இது ஒத்திகை.
"ஏட்டி, குமிழத் தொடாத" என்றாள் தெக்லா,
"அங்க திருக ஆளு கிடையாது."

லென்ஸ் தானாக இறங்கியது,
முடியளவு, முடியளவாக.
மங்கல். மங்கல். கொஞ்சம் விளிம்பு.
மாதுளை முத்துபோல் ஒரு மணற்பரல்
தெளிந்து
மறுபடி மங்கியது.

தாண்டிய பிறகுதான் அதற்குத் தெரியும்
தாண்டியது உச்சியென்று.
அப்புறம் திரும்பும்.

ஏழாம் படத்தில் வரைகோடு எகிறியது:
பரலின் தோளில் எறும்பு,
கால்மயிர்கூடத் துல்லியம்.
மண்ணை விட்டுவிட்டு
அதன் பின்னாலேயே ஏறிப்போனது லென்ஸ்.

பிழை என்று குறித்தாள்.
காரணம்: எறும்பு. அங்கே வராது.

மேலக்காற்று தாளைப் படபடக்க வைத்தது.
கொஞ்ச நேரம் கழித்து
'வராது' என்பதை மட்டும் அடித்தாள்.