நூற்றியோராவது நாள்

நூறு நாளாக யாருடைய விரலும் போகவில்லை என்று
கம்பெனி எங்களில் எட்டுப் பேரைப் படகேற்றியது.
புதையா துறை, வெள்ளிக்கிழமை, காலை ஆறரை.
பிரியாணிப் பொட்டலம் எட்டு.
மிதவைச் சட்டை மட்டும் ஒன்பது:
சேப்டி ஆபீசர் பிண்டோவும் வந்தார்,
கழுத்தில் விசிலோடு.

படகுக்காரர் அப்துந்நபி இந்தியில் சொன்னார்:
ஓங்கல் வரும், நீர்க்காகம் வரும்,
நசீப் இருந்தால் கடல்பசுவும்.
'ஆவுளியா' என்றான் சூசை மிக்கேல்,
எங்களுக்கில்லை, தண்ணீருக்கு.
தங்கச்சிமடத்துக்காரன், சாரம் கட்டுகிறவன்.
பத்தாம் மாடிக் குழாயைக்
கால்விரலால் பிடித்துக்கொண்டு நிற்பான்.
பிண்டோவின் விசில் பாதி அவனுக்குத்தான்.

ஓங்கல் வந்தது.
ஏழு செல்போன்கள் எழுந்தன.
அது விழுந்த இடத்தைத்தான் எல்லோரும் எடுத்தோம்.

பிறகு தீவு.
இறங்கக் கூடாது, தள்ளி நின்று பார்க்கலாம்.
இஞ்சின் அணைந்ததும்
காதுக்குள் ஓர் அறை திறந்தது போலிருந்தது.
வெள்ளைக்காரன் காலத்தில் இது சிறை என்றார் அப்துந்நபி.
கைதிகள் கல் வெட்டினார்கள்,
கல் படகேறிக் கரைக்குப் போனது,
வெட்டியவர்கள் போகவில்லை.
'ஓவர்டைம் உண்டா?' என்றான் ஆம்பூர்க் கோதண்டம்.
சிரித்தோம். அவரும் சிரித்துவிட்டு,
தன் அப்பாவின் மாமா இரண்டு வருஷம் இங்கிருந்ததாகச் சொன்னார்.
என்ன குற்றமென்று வீட்டில் யாரும் பேசுவதில்லையாம்.

நான் பளிங்கு அறுக்கிறவன்.
வெட்டைப் பார்த்தால் கை தெரியும்.
கரையோரப் பாறையில் ஆப்பு இறக்கிய குழிகள்
சாணுக்கு ஒன்றாய், நூல் பிடித்தது போல.
ஒரே ஒரு வரிசை மட்டும்
நெருங்கி, இன்னும் நெருங்கி,
கல்லையே நொறுக்கிவிட்டிருந்தது.
பழகாத கை.
இல்லை, பழகிக்கொள்ள மறுத்த கை.
எந்த மேஸ்திரியும் அறைந்திருப்பான்.
கண்ணை எடுக்க முடியவில்லை எனக்கு.

'குடிக்கத் தண்ணி எங்கேயிருந்து?'
சூசை அன்று வாய்திறந்து கேட்டது அதுவொன்றுதான்.
கோடு தாண்டி மீன் பிடித்ததற்கு
நாற்பத்தோரு நாள் யாழ்ப்பாணத்தில் உள்ளே இருந்தவன்.
தண்ணீரில் கோடு எங்கே என்று
அவனும் கேட்கவில்லை, அவர்களும் காட்டவில்லை.
முன்பெல்லாம் இந்தக் கடலுக்கடியில்
நல்ல தண்ணீர் ஊறும் என்றார் அப்துந்நபி.
முங்கிப் போய்த் தோல்பையில் பிடிப்பார்களாம்.
'கைதிகளுக்கு?'
'தெரியாது.'
அதற்கப்புறம் கொஞ்ச நேரம்
நீர்க்காகங்கள் மட்டும் பேசின.

கடல்பசு வரவில்லை.
பிண்டோ ஏதோ படிவத்தில் அதையும் எழுதிக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில், சிக்னலில்,
ஜன்னலைப் பார்த்தபடி சூசை சொன்னான்:
'ரெண்டு இருந்துச்சு. தாயும் குட்டியும்.
நீங்க எல்லாம் கல்லைப் பாத்துக்கிட்டிருந்தீங்க.
இந்தப் பக்கமா தாழை மேஞ்சுது,
மூச்சுவிட ஒருதரம் மேல வந்துச்சு.'
'ஏன்டா சொல்லலே?'
'சொன்னா இஞ்சினைப் போடுவாங்க.'
தூங்கிவிட்டான்,
செருப்பைக் கழற்றி,
கால்விரல்களால் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி.

கேம்ப் வாசல் பலகையில்
நூறை அழித்து நூற்றியொன்று என்று எழுதியிருந்தது,
நாள் முடிய
இன்னும் நாலு மணி நேரம் இருக்கும்போதே.