மிச்ச நாட்கள்

இருபத்திமூன்று தலைகளைக் கடைசியாக ஒருமுறை எண்ணிவிட்டு
மஞ்சள் கொடியைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள் மக்வாலா.
பேருந்து விமான நிலையத்துக்குப் போயிற்று.
எனக்கு மட்டும் குத்தாய்சியில் இன்னும் மூன்று நாள்.
மலிவு டிக்கெட் அப்படி.

முதல் நாள் பழக்கதோஷத்தில்
ஏழரைக்கே குளித்து, ஷூ மாட்டி,
விடுதி வாசலில் நின்றேன்.
யாரும் கூப்பிடவில்லை.
ஒரு தெருநாய் வந்தது,
காதில் நகராட்சி குத்திய மஞ்சள் வில்லை.
அதன் பின்னால் போனேன்,
கசாப்புக்கடை வரை.

இரண்டாம் நாள் மழை.
சலவைக்கடையின் கண்ணாடி வட்டத்துக்குள்
எட்டு நாள் கோட்டைகளும் மடாலயங்களும்
நுரைத்துச் சுழன்றன.
பக்கத்து இருக்கை ஒத்தார்
பேச்சு ஏதுமில்லாமல்
தன் போர்வையின் இரண்டு முனைகளை என்னிடம் நீட்டினார்.
விலகி நெருங்கி விலகி
மடித்தோம்.
நெருங்கும்போதெல்லாம் வெங்காய வாசனை.
அவரிடமா, என்னிடமா?

மூன்றாம் நாள் சந்தையில்
பச்சைப் பிளம் பொறுக்கிக்கொண்டிருந்தாள் மக்வாலா.
தலை கலைந்திருந்தது. தோளில் அழுக்குத்துணிப் பை.
"இன்னுமா இங்கே இருக்கிறீர்கள்?"
வீட்டு வாஷிங் மெஷின் செத்துவிட்டதாம்.
புதிதாக ஏதோ சலவைக்கடை திறந்திருக்கிறதாமே,
எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லையாம்.

பாலம் தாண்டி, மருந்துக்கடையில் இடப்பக்கம்,
நாய் படுத்திருக்கும் படிக்கு எதிரே என்றேன்.
சொல்லச் சொல்ல எனக்கே ஆச்சரியம்.

பிளம்மைக் கடித்துக்கொண்டு
என் பின்னால் நடந்துவந்தாள்.
ரியோனி ஆற்றுப் பாலத்தின் நடுவில்
ஒருமுறை திரும்பி எண்ணினேன்.
ஒன்று.
சரியாக இருந்தது.