'எந்த ஊர்' என்ற கட்டம்

புயலுக்கு மறுநாள் போர்த்லெவன் துறைமுகத்தில்
நண்டுக்கூடை போடும் ஜாகோ
தொப்பிக்குள் வைத்து எடுத்துவந்தான்.
"பாத்தா கல்லு. தூக்கினா எடையே இல்ல.
யாரோ என்னை ஏமாத்துறாங்க."

தராசில் நூற்றுப் பன்னிரண்டு கிராம்,
ஈரத்தோடு.

கடலுக்கடியில் எங்கோ ஒரு மலை இருமியிருக்கிறது.
நெருப்பு நுரைத்து, நுரை இறுகி,
ஆப்பச்சட்டியில் மாவு கண்விடுமே
அப்படித் துளைதுளையாய்க் கல்லாகி
மேலே வந்து மிதந்திருக்கிறது
காலியாக.
கடலில் காலியிடம் நெடுநாள் இருப்பதில்லை.

முதலில் வழுவழுப்பு. அப்புறம் பாசி.
அப்புறம் கழுத்து நீண்ட கொட்டலசுகள்.
தலையை ஒட்டிக்கொண்டு
காலால் அள்ளித் தின்னும் ஜென்மங்கள்;
ஒட்டினால் ஒட்டியதுதான்,
இடம் சரியில்லை என்று எழுந்து போக முடியாது.

லென்ஸை நகர்த்த நகர்த்தத்தான் புரிந்தது:
இந்தத் தோணியை அலை மூழ்கடிப்பதில்லை.
ஏறியவை கொழுக்கக் கொழுக்கக் கல் இறங்கும்.
இது கரைசேர்ந்திருக்கிறது என்றால்
ஒரு பக்கம் பட்டினி கிடந்திருக்க வேண்டும்.

கிடந்திருக்கிறது.
இடப்பக்கம் முப்பத்தொரு வெற்று ஓடுகள்.
எண்ணி எழுதிவிட்டு
கொஞ்சநேரம் ஜன்னலைப் பார்த்தேன்.
மணிக்கூண்டின்மேல் அலை ஏறி
வழிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் ஒரு துளைக்குள்
புளியங்கொட்டை அளவு நண்டு.
வயிற்றில் முட்டைகள்.

படிவத்தில் இனம் எழுதினேன்.
பால்: பெண்.
அகலம் பதினொரு மில்லிமீட்டர்.
எந்த ஊர்?

எரிமலையின் ஊரை எழுதலாம்.
இவள் அதைப் பார்த்ததில்லை.
இவள் அம்மா பார்த்திருந்தால் அதிசயம்.
'கல்' என்று அடித்தேன்.
கணினி சிவந்தது:
பட்டியலில் உள்ள நாடு ஒன்றைத் தேர்க.

விதி எனக்குத் தெரியும், நான்தான் சுவரில் ஒட்டினேன்:
அயலினத்தைக் கடலில் விடக்கூடாது.
மேசையில் சாராயக் குப்பி திறந்திருக்கிறது.
ஜன்னலிலிருந்து நாற்பதடியில் தண்ணீர்.

இடுக்கியை நீட்டினேன்.
அவள் இன்னும் ஒரு அறை உள்ளே போனாள்.
நீளமான இடுக்கி லவேனாவின் இழுப்பறையில் இருக்கும்.
லவேனா திங்கட்கிழமை வருவாள்.

வாசலில் ஜாகோ, ஈரத் தொப்பியைத் தலையில் வைத்தபடி:
"முடிஞ்சதும் கல்லைத் தந்துடுங்க.
வீட்டுக்காரிக்குக் குதிகால் வெடிப்பு,
தேய்க்க நல்லா இருக்கும்."

கடல்நீரை ஒரு கிண்ணம் மொண்டு
கல்லை அதில் விட்டேன். மிதந்தது.

"இன்னும் காலியாகலை" என்றேன்.