போன்ற

பெலோத்தாஸில் ஜூன். தெற்குக் காற்று
ஜன்னல் ரப்பரைக் கடித்துக்கொண்டிருக்கிறது.
ஜாண்டிரா ஒரு வரிக்குதிரை மீனை வலையில் அள்ளி
அது பார்த்தேயிராத தொட்டியில் விடுகிறாள்.
ஆறு நிமிடம்.

கண்ணாடியின் நடுவே நீல மார்க்கரில் ஒரு கோடு.
கோட்டைத் தாண்டி மேலே வந்தால் தைரியம்...
இல்லை, அப்படி எழுதக்கூடாது.
கோட்டுக்கு மேல் கழிந்த நொடிகள்.
அவ்வளவுதான்.

புது இடமென்றால் மீன் அடியில்தான் ஒதுங்கும்.
ஒளிய ஒரு கூழாங்கல்கூட இல்லாத அடி.
செவுள் மட்டும் அசையும்.
அசையாத நொடிகளுக்கு ஒரு விசை,
திடுக்கிட்டுத் திரும்பினால் இன்னொன்று.
எது மருந்து குடித்த மீன், எது வெறும் மீன் என்று
அவளுக்குச் சொல்லமாட்டார்கள்.
சாடிகளில் நிறம் மட்டும்: மஞ்சள், பச்சை, ஊதா.

போன வருடம் கட்டுரை திரும்பி வந்தது.
பதற்றம் என்று நான்கு இடத்தில் எழுதிவிட்டார்களாம்.
மீனைக் கேட்டீர்களா?
நான்கு இடத்திலும் சிவப்பில் திருத்தம்:
பதற்றம் போன்ற நடத்தை.
அன்றிலிருந்து பக்கத்துக்குப் பக்கம்
உவம உருபு ஒன்று தனியே காவல் நிற்கிறது.
முன்னால் நிலவும் இல்லை,
பின்னால் முகமும் இல்லை.

முப்பத்தொன்றாவது மீன் அடிக்கே போகவில்லை.
நேரே மேலே வந்து
நீரின் தோலில் வாய் வைத்து நின்றது.
முந்நூற்று நாற்பது நொடி.
அதற்கு முந்தைய மூன்றும் ஏறக்குறைய அப்படித்தான்.
நான்கும் ஊதா.
பேராசிரியர் எவால்டோ இதைப் பார்த்தால்
இன்றிரவே மது திறப்பார்.

ஜாண்டிராவின் மாத்தே ஆறிப்போயிருந்தது.
அறை ஏன் இத்தனை அமைதியாக இருக்கிறது?

குனிந்தாள். மேசைக்கு அடியில்,
தரை மெழுகும் இயந்திரத்துக்காக
காலையில் யாரோ பிடுங்கிய பிளக்.
காத்திருப்புத் தொட்டியில் காற்று நின்று எத்தனை மணியோ!
அந்த நீரைத்தான்
இங்கேயும் மொண்டு ஊற்றியிருந்தாள்.

பிளக்கைச் செருகினாள்.
குமிழிகள் இருமிக்கொண்டு கிளம்பின.
நான்கு வரிகளையும் அடித்தாள், ஸ்கேல் வைத்து.
நீக்கிய காரணம் என்ற கட்டத்தில்
மூச்சுத் திணறல் என்று எழுதினாள்.
அதற்குப் பக்கத்தில் ஒரு சொல்லுக்கு இடமிருந்தது.
பேனா கொஞ்சம் நின்றது.
மூடி போட்டுவிட்டாள்.

முப்பத்தொன்றைக் குமிழிகளுக்கு நடுவே விட்டாள்.
சற்று நேரம் மேலேயே கிடந்தது.
பிறகு, மூச்சு வந்ததும்,
மெல்ல அடிக்கு இறங்கி
ஒரு மூலையைத் தேர்ந்து
அசையாமல் நின்றது.

கடிகாரம் ஓடவில்லை.